சுவரில் மாட்டிய மூக்குக்கண்ணாடிப் படம்

தம்பி,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. மண்டபம், நாதஸ்வரம், பெண் வீட்டார் தங்குகிற இடம் என்று நீ கேட்ட எல்லாவற்றுக்கும் தனித்தாளில் பதில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். அதையெல்லாம் இதில் தேடாதே. இந்தக் கடிதம், நீ நான்காம் பக்கத்தின் அடியில் இடமில்லாமல் நுணுக்கி எழுதிய ஒரு வரிக்காக. "மேடையில அம்மா படம் வைக்க வேண்டாம்பா. நான் போன அன்னைக்கே என்னைத் திரும்பிப் பாக்காதவங்க, இப்ப படத்துல இருந்து பாக்கணும்னு எனக்கு ஆசை இல்ல." இதைப் படித்துவிட்டு எழுந்து போய் கோப்பி கலக்கினேன். குடிக்கத் தோன்றவில்லை. திரும்ப உட்கார்ந்து இன்னொரு தடவை படித்தேன். இந்த வரி எப்போது வருமோ என்று நான் பத்து வருஷமாகப் பயந்துகொண்டிருந்தேன், அது உனக்குத் தெரியாது.

தாய் இல்லாத பிள்ளையின் கல்யாணத்தில், அவள் படத்தை மேடையோரம் நாற்காலியில் வைத்து மாலை போட்டு, மாப்பிள்ளை அதைக் கும்பிட்டுவிட்டு மணையில் உட்காருவது நம் வழக்கம். வைப்பதும் வேண்டாமென்பதும் உன் இஷ்டம். கல்யாணம் உன்னுடையது. ஆனால் நீ சொல்லியிருக்கும் காரணம் தப்பு. அம்மா உன்னைப் பார்க்காமல் நின்றதற்குக் கோபம் காரணமே இல்லை. காரணம் நான். இதை நேரில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை என்று ஒரு தடவை நிரூபித்துவிட்டேன், அதனால் எழுதுகிறேன். நடுவில் கோபம் வந்தால் கடிதத்தைக் கீழே வை, தண்ணீர் குடி, ஆனால் கடைசிவரை படித்துவிடு.

என் படமெடுக்கும் பைத்தியம் உனக்குத் தெரியும், அதை நீயும் நானும் சேர்ந்துதான் வளர்த்தோம். பினாங்குப் புகைப்படச் சங்கத்தில் மற்றவர்கள் எல்லாம் சூரியன் மறைவதையும், அக்கரைக்கு ஆளேற்றிப் போகிற ஃபெரிக் கப்பலையும், படகுத்துறையில் குந்தியிருக்கிற கிழவர்களையும் எடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு மனிதர்களிடம் போய் 'கொஞ்சம் இப்படித் திரும்புங்க' என்று கேட்கக் கூச்சம். மேசைமேல் வைத்த சாமான் கோபித்துக்கொள்ளாது, கண் சிமிட்டாது, எழுந்து போகாது. அதனால் மேசைமேல் சாமான்களையே எடுத்தேன். அப்போதுதான் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை பார்த்த காதர் மாமா அந்தச் சாம்பல் நிறத் தாள்களைக் கொண்டுவந்தார். கால்குலேட்டரின் சின்னத் திரையில் ஒட்டுகிற போலரைசர் தாள், ஓரம் கீறல் விழுந்தது என்று கழித்துப் போட்டது. "அண்ணே, ஒண்ணு மேல ஒண்ணு வச்சுத் திருப்பிப் பாருங்கலா, வேடிக்கையா இருக்கு" என்றார். திருப்பினோம். முதலில் வெளிச்சம் தெரிந்தது. கால் வட்டம் திருப்பியதும் கதவைச் சாத்தியதுபோல் கன்னங்கரேல் என்று அடைத்துவிட்டது. உனக்குப் பதினான்கு வயது. உன் பள்ளிக்கூடப் பிளாஸ்டிக் பாகைமானியை நீதான் இரண்டு தாளுக்கும் நடுவே நுழைத்தாய். அந்த இருட்டுக்குள்ளே அது மட்டும் மயில்கழுத்து நிறத்திலும் கத்தரிப்பூ நிறத்திலும் வரிவரியாக எரிந்தது. நீ போட்ட கூச்சலில் அம்மா கரண்டியோடு ஓடிவந்து, "என்னாச்சு, கரண்ட் அடிச்சிருச்சா?" என்று கேட்டாள்.

பிறகு வீட்டில் ஒரு சாமான் தப்பவில்லை. பிஸ்கட் பெட்டிக்குள் டியூப் லைட்டைப் பொருத்தி, மேலே வெள்ளைப் பிளாஸ்டிக் பலகை போட்டு, அதன்மேல் ஒரு தாள். இன்னொரு தாளை வட்டமாக வெட்டிக் கேமரா முகத்தில் ஒட்டி, கேமராவைத் தலைகீழாகத் தொங்கவிட்டோம். நடுவில் கேசட் டப்பா, ஐஸ்கிரீம் கரண்டி, சாக்லெட் சுற்றுகிற கண்ணாடித்தாள், செலோடேப்பை ஒட்டி ஒட்டிச் செய்த மீன்கள். செலோடேப் ஒவ்வொரு அடுக்குக்கும் ஒவ்வொரு நிறம் காட்டும், அதைக் கண்டுபிடித்தவனும் நீதான். படம் எடுக்கும்போது கண்ணாடித்தாள் பறக்கக்கூடாது என்று காற்றாடியை நிறுத்திவிடுவேன். அம்மா புழுக்கத்தில் பழைய காலண்டர் அட்டையால் விசிறிக்கொண்டு, "முடிஞ்சுதா? முடிஞ்சுதா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். எது காணாமல் போனாலும் "அப்பா பெட்டி மேல பாரு" என்பாள். உன் பரீட்சை அன்றைக்குப் பாகைமானி பெட்டிமேல் ஒட்டிக்கிடந்தது, ஞாபகம் இருக்கிறதா? நீ அது இல்லாமலே போய்விட்டாய். அம்மாதான் அதைப் பிய்த்தெடுத்துக்கொண்டு வேர்க்க விறுவிறுக்க உன் பள்ளிக்கூடத்துக்கு ஓடினாள். திரும்பி வந்து என்னிடம், "உங்களுக்கு எது வேணும்னாலும் எடுத்துக்கங்க. அது அந்த நேரத்துல அடுத்தவங்களுக்கு வேணுமான்னு ஒரு வார்த்தை கேளுங்க" என்றாள். நான் 'கலைஞன்' என்கிற மிதப்பில் சிரித்தேன். அன்றைக்கே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும், வரவில்லை.

நீ மெல்பர்ன் போகிற பேச்சு வந்தபோது வீட்டில் நடந்தது உனக்கு மறந்திருக்காது. இங்கே ஆசிரியர் பயிற்சிக்கு இடம் கிடைத்திருக்கும்போது அங்கே எதற்கு என்பது அவள் கட்சி. நான் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் உன் விண்ணப்பப் பாரங்களில் கையெழுத்துப் போட்டேன். அவளுக்கு அந்தக் கோபம் என்மேல் வந்திருக்க வேண்டியது. ஆனால் நான் என் விளக்குப் பெட்டியில் குனிந்து ஒளிந்துகொண்டேன், நீ நிமிர்ந்து நின்று பதில் பேசினாய், அதனால் எல்லாம் உன்மேல் விழுந்தது. கிளம்புவதற்கு முதல்நாள் சாயங்காலம் அவள் நெத்திலி சம்பல் போத்தலையும் பாலிக் புலாவ் ஜாதிக்காய் ஊறலையும் உன் பயணப்பெட்டியில் வைக்க வந்தாள். "ஆஸ்திரேலியாவுல இதெல்லாம் உள்ள விடமாட்டாங்கம்மா, ஏர்போர்ட்லயே தூக்கிப் போட்டுருவாங்க" என்றாய் நீ. உண்மையைத்தான் சொன்னாய், சொன்ன விதம்தான் சரியில்லை. அவள் போத்தலைத் தூக்கிக்கொண்டு, "அப்ப நானும் எதுக்கு அங்க? நீ போ. நான் ஏர்போர்ட்டுக்கு வந்து உன்னைப் பாக்கப் போறதில்ல" என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்த வார்த்தையைத்தான் நீ இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறாய் என்று எனக்குத் தெரியும்.

அன்றைக்கு அவள் சொன்னதில் பாதியை மறுநாள் விடிகாலையிலேயே மறந்துவிட்டாள். ஆறு மணிக்கு எழுந்து குளித்து, கடுகு நிறச் சேலையை எடுத்து வைத்தாள். நானும் ஆறு மணிக்கு எழுந்தேன், வேறு காரணத்துக்காக. சங்கத்தின் போட்டிக்குப் படம் அனுப்ப நாள் முடியப்போகிறது. ஸ்லைடு பிலிமைக் கழுவ கோலாலம்பூருக்கு அனுப்ப வேண்டும், அன்றைய தபாலில் போகாவிட்டால் அவ்வளவுதான். அவள் குளிக்கப் போனபோது கழற்றி வைத்த மூக்குக்கண்ணாடி மேசைமேல் இருந்தது. சும்மா எடுத்துப் பெட்டிமேல் வைத்துப் பார்த்தேன். அடடா! இரண்டு வில்லையிலும் கறுப்பாக ஒவ்வொரு பெருக்கல் குறி, அதைச் சுற்றி நிலா வெளிச்சம் மாதிரி ஒரு மங்கல் வெள்ளை. பினாங்கு ரோட்டுக் கண்ணாடிக் கடைக்காரர் பிறகு விளக்கினார். விழுந்து உடைந்தால் சில்லு கண்ணில் குத்தாமல் இருக்க வில்லையைச் சூடாக்கிச் சட்டென்று ஆறவைப்பார்களாம், அந்த இறுக்கம் உள்ளேயே தங்கிவிடுமாம், வெறும் கண்ணுக்குத் தெரியாதாம். இதிலிருந்து நான் தத்துவம் பேசப்போகிறேன் என்று பயப்படாதே, அதற்கு எனக்கு யோக்கியதை கிடையாது. நான் செய்தது இதுதான். வில்லைகளுக்கு அடியில் செலோடேப்பை அடுக்கடுக்காக ஒட்டி நிறம் ஏற்றினேன். நகராமல் இருக்கக் கண்ணாடியின் இரண்டு காலையும் பலகையோடு சேர்த்து ஒட்டினேன். சட்டத்தில் திருகு இறுக்கிய மூலைகளில் பிளாஸ்டிக்குக்குள் சிவப்பும் பச்சையும் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. ஒரு நூல் நகர்ந்தாலும் போச்சு. முக்கால் மணி நேரம் நகர்த்தி நகர்த்தி, இரண்டு பெருக்கல் குறியும் நேராக நிற்கிற இடத்தைப் பிடித்தபோது, பிலிமில் ஒன்பது படம் மிச்சம் இருந்தது, ஒவ்வொன்றையும் வெளிச்சம் மாற்றி நிதானமாக எடுக்க வேண்டும். வாசலில் காதர் மாமாவின் காடி ஹாரன் அடித்தது.

"என்னங்க, என் கண்ணாடி எங்க?" என்று கேட்டாள் அம்மா. அவளுக்குப் பவர் எட்டு. கை நீட்டுகிற தூரத்துக்கு அப்பால் எல்லாம் புகை. பழைய கண்ணாடி ஒன்று இருந்தது, போன மாதம் அதைப் படமெடுக்கிறேன் என்று காலை உடைத்தவனும் நான்தான். "ஒட்டி வச்சிருக்கேன். இப்ப எடுத்தா எல்லாம் கலைஞ்சிரும். போய்ட்டு ரெண்டு மணி நேரத்துல வந்திருவோம்ல, அப்ப எடுத்துக்க" என்றேன். "அவனை வழியனுப்பப் போறோம்ங்க" என்றாள். அதற்கு நான் சொன்ன பதிலை இத்தனை வருஷத்தில் ஒருவரிடமும் சொன்னதில்லை. "அவன் மூஞ்சி உனக்குத் தெரியாததா? அதுக்குக் கண்ணாடி வேற வேணுமா?" என்றேன். சிரித்துக்கொண்டே வேறு சொன்னேன். நீ கிளம்புகிற நேரத்தில் வீட்டில் சத்தம் வரக்கூடாது என்று நினைத்திருப்பாள். "சரி, விடுங்க" என்று சொல்லி, சுவரைத் தடவிக்கொண்டே வாசலுக்குப் போனாள். பெட்டிக்குள் விளக்கு எரிந்துகொண்டே இருக்கட்டும் என்று விட்டுவிட்டு நான் பின்னால் போனேன்.

அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தது உனக்கு நினைவிருக்கும். நீ ஒருமாதிரிப் பார்த்தாய். கல்யாணமாகி இருபத்தைந்து வருஷத்தில் நாங்கள் வெளியில் கைபிடித்து நடந்ததே இல்லை. பிள்ளைக்கு எதிராக அப்பாவும் அம்மாவும் ஒன்று சேர்ந்துவிட்டார்கள் என்று நினைத்தாயோ என்னவோ. அவளுக்குப் படி தெரியவில்லை, அவ்வளவுதான். உனக்கு விபூதி பூசும்போது அவள் கை முதலில் உன் புருவத்தில் பட்டு, பிறகு மேலே போனது. நீ அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்திருந்தால் மூக்கின் இரண்டு பக்கமும் கண்ணாடி அழுத்திய சிவந்த பள்ளங்களைப் பார்த்திருப்பாய். நீ உன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாய். அந்த வயதில் நானும் அப்படித்தான் நின்றிருப்பேன்.

நீ உள்ளே போனதும் நாங்கள் மூவரும், அம்மாவும் நானும் காதர் மாமாவும், வழியனுப்புகிறவர்கள் நிற்கிற மேல்மாடத்துக்கு ஏறினோம். கீழே ஆட்கள் வரிசையாக விமானத்தை நோக்கி நடக்கத் தொடங்கினார்கள். அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு, என் சட்டைக் கையை இழுத்து இழுத்து, "எது அவன்? எதுங்க அவன்?" என்று கேட்டாள். "அந்த வெள்ளைச் சட்டை" என்றேன். வெள்ளைச் சட்டை ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். "எந்தப் பக்கம்? இடதுபக்கமா? நடக்கறதா, நிக்கறதா?" என்று கேட்டாள். நீ திரும்பினாய். கையைத் தூக்கினாய். நான் கையாட்டினேன். அவள் அப்போது வேறு பக்கம், சாமான் வண்டி தள்ளிக்கொண்டு நின்ற ஒருவனை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். நீ பாதி வழியில் ஒரு தடவை திரும்பினாய். ஏணிப்படியில் நின்று ஒரு தடவை திரும்பினாய். மூன்று தடவையும் உன் முகம் அவளைத்தான் தேடியது, எனக்கு அங்கிருந்தே தெரிந்தது. நான் அவள் தலையைப் பிடித்து உன் பக்கம் திருப்பியிருக்கலாம். அவள் கையைத் தூக்கி நானே ஆட்டியிருக்கலாம். சத்தியமாகச் சொல்கிறேன் தம்பி, அந்த நேரத்தில் என் மனதில் பாதி, பெட்டிக்குள் விளக்குச் சூட்டில் செலோடேப் உரிந்துவிடுமோ என்று ஓடிக்கொண்டிருந்தது. நீ உள்ளே போய்க் கதவு மூடிய பிறகு, அவள் அந்தச் சாமான் வண்டிக்காரனைப் பார்த்து ரொம்ப நேரம் கையாட்டினாள். அவனும் நல்லவன், திரும்பக் கையாட்டினான்.

காடியில் வரும்போது, "திரும்பிப் பாத்தானா?" என்று கேட்டாள். "பாத்தான், மூணு தரம்" என்றேன். "நான் கையாட்டினது தெரிஞ்சிருக்கும்ல?" என்று கேட்டாள். "தெரிஞ்சிருக்கும்" என்றேன். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "போதும், கோவத்தோட போகல" என்றாள். காதர் மாமா காடியின் பின்பார்வைக் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். வீட்டுக்கு வந்ததும் நான் நேராகப் பெட்டிக்குப் போனேன். அம்மா கூடத்தில் சேலைகூட மாற்றாமல், கண்ணாடிக்காகக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காற்றாடியை நிறுத்தினேன். மிச்சமிருந்த ஒன்பது படத்தையும் எடுத்தேன். அப்போது உன் விமானம் மேகத்துக்குள் இருந்திருக்கும். பரிசு வாங்கிய படம் அந்த ஒன்பதில் ஒன்று.

உன் முதல் கடிதத்தை நீ என் அலுவலக முகவரிக்கு எழுதினாய். "அம்மா சொன்ன மாதிரியே செஞ்சுட்டாங்க, என்னைப் பாக்கவே இல்ல. நான் மூணு தடவை திரும்பினேன்பா" என்று எழுதியிருந்தாய். கப்பல் சரக்குப் பட்டியல் ஒன்றுக்கு அடியில் அதை மறைத்து வைத்துக்கொண்டு படித்தேன். அன்று சாயங்காலமே உனக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். நாலு வரி எழுதியிருந்தால் போதும். அடுத்த நாள் எழுதலாம் என்று வைத்தேன். அதற்குள் முடிவு வந்துவிட்டது, இரண்டாம் பரிசு. சங்கத்தில் கைதட்டினார்கள், படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கொடுத்தார்கள். இனி நான் உண்மையைச் சொன்னால் அந்தப் படம் என்னவாகும்? இதுதான் என் கணக்கு. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பரிசுக்காகத்தான் வாயை மூடிக்கொண்டேன். அம்மாவுக்கு அந்தப் படத்தில் ஒரே பெருமை. "என் கண்ணாடிக்குத்தானே பரிசு? அப்ப பாதி எனக்குலா" என்றாள். கூடத்துச் சுவரில் அவளே ஆணி அடித்து மாட்டினாள். ஒருநாள் தூசி துடைக்கும்போது மட்டும், "அன்னைக்கு இது என் மூக்கு மேல இருந்திருந்தா..." என்று ஆரம்பித்தாள். நான் செய்தித்தாளைப் புரட்டினேன். அவள் துணியை உதறிக்கொண்டு உள்ளே போனாள்.

அதற்கப்புறம் நாலு வருஷம் நீ எனக்கு மூன்று பக்கம் எழுதுவாய், கடைசியில் 'அம்மாவுக்கும் சொல்லவும்' என்று முடிப்பாய். அவள் கடிதத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். "நான் கையாட்டினதைப் பாத்துட்டுத்தானே போனான், அப்புறம் ஏன் இப்படி எழுதறான்?" என்று என்னிடம் கேட்பாள். காரணம் தெரிந்த ஒரே ஆள் எதிரில் உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்தான். விடுமுறைக்கு நீ வருவாய், நேரில் பார்த்தால் தானே சரியாகிவிடும் என்று நினைத்தேன். நீ பகுதிநேர வேலை என்று வராமல் இருந்தாய். பிறகு சௌரஸ்தா பசாரில் மீன் வாங்கிக்கொண்டு நின்ற இடத்திலேயே அவள் விழுந்துவிட்டாள். நீ வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்து சாம்பலாகிவிட்டது.

நீ வந்த மூன்றாம் நாள் அந்தப் படத்துக்குக் கீழே நின்றாய். "இது அம்மா கண்ணாடி இல்ல?" என்று கேட்டாய். ஆமாம் என்றேன். "அழகா இருக்குப்பா. எப்ப எடுத்தீங்க?" என்றாய். "அது... முன்னாடி" என்றேன். பிறகு, என் பக்கம் திரும்பாமலே, "அம்மா கடைசி வரைக்கும் என் மேல கோவமாவே இருந்தாங்களாப்பா?" என்று கேட்டாய். கடவுள் கையில் கொண்டுவந்து கொடுத்த நேரம் அது. நான் என்ன சொன்னேன், ஞாபகம் இருக்கிறதா? "அதெல்லாம் ஒண்ணுமில்ல. சாப்பிடு, ஆறிப்போகுது" என்றேன். நீ அதை 'ஆமாம்' என்று எடுத்துக்கொண்டாய். வேறு எப்படி எடுத்துக்கொள்ள முடியும்? அன்றைக்கு நீ சாப்பிடாமல் எழுந்துபோனதை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு உன் தட்டில் மீதி இருந்ததை மூடி வைத்தேன். பாவி, அதற்கு மேல் எனக்கு ஒன்றும் செய்யத் தோன்றவில்லை.

காதர் மாமா ஒருவர்தான் என்னை விடாமல் துரத்தியவர். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் பக்கம் நாசி கண்டார் சோறு சாப்பிடும்போதெல்லாம், "அண்ணே, பிள்ளைகிட்ட சொல்லிட்டீங்களா?" என்பார். "சொல்றேன், சொல்றேன்" என்பேன். உன் கல்யாணப் பேச்சு வந்ததும் ஒருநாள் தட்டைத் தள்ளிவிட்டு, "அக்கா போய்ச் சேந்துட்டாங்க, அவங்களால வந்து சொல்ல முடியாது. நீங்க உசுரோட இருந்துக்கிட்டு அவங்க மேல பழியைப் போட்டுட்டு இருக்கீங்க. இது நல்லா இல்லண்ணே" என்று கத்திவிட்டார். கடையே திரும்பிப் பார்த்தது. எனக்குக் கோபம் வந்து இரண்டு வாரம் அவரோடு பேசவில்லை. செவ்வாய்க்கிழமை உன் கடிதத்தைப் படித்துவிட்டு அவர் வீட்டுக்குப் போய்க் காட்டினேன். அவர் அதைப் படித்து மடித்துக் கொடுத்தார். உள்ளே போய் எழுதுகிற தாளும் பேனாவும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

கல்யாணமாகப் போகிற பிள்ளைக்கு அப்பன் நாலு நல்ல வார்த்தை எழுத வேண்டும். எனக்கு ஒன்றுதான் தெரியும். உன் பெண்டாட்டி ஒரு சாமானைக் கேட்டால், கையில் எவ்வளவு பெரிய வேலை இருந்தாலும் கலைத்துவிட்டு எடுத்துக் கொடு. கலைந்ததைத் திரும்ப அடுக்கிக்கொள்ளலாம், அடுக்க முடியாவிட்டாலும் குடி முழுகிவிடாது. ஒரு தப்பு செய்தால் அன்றைக்கே சொல்லிவிடு. அன்றைக்கு அது நாலு வரி, இன்றைக்கு எனக்கு எத்தனை தாள் ஆகியிருக்கிறது பார். அவள் முகம் உனக்கு மனப்பாடம் என்று மட்டும் எந்த நாளும் நினைக்காதே. நான் அப்படித்தான் நினைத்தேன். இப்போது அம்மாவின் முகத்தில் மூக்குத்தி எந்தப் பக்கம் என்பதற்குக்கூட அடையாளக் கார்டுப் படத்தை எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. பெட்டி பெட்டியாக ஸ்லைடு இருக்கிறது, கரண்டிக்கும் கேசட் டப்பாவுக்கும். அவளைத் தனியாக நிற்கவைத்து எடுத்த படம் ஒன்றுகூட இல்லை. அவள் கேட்கவில்லை என்று நான் எடுக்கவில்லை. மேடையில் வைக்கலாம் என்று நான் உனக்கு எழுதியிருந்தேனே, அந்தப் படம் எங்கள் கல்யாணக் கூட்டப் படத்திலிருந்து வெட்டிப் பெரிதாக்கியது. அவள் தோளில் தெரிகிற கை என்னுடையது.

சுவரிலிருந்த பரிசுப் படத்தைக் கழற்றிவிட்டேன். அம்மா அடித்த ஆணியைப் பிடுங்க மனம் வரவில்லை, அது இருக்கட்டும். மேடையில் அவள் படம் வேண்டாமென்று இதைப் படித்த பிறகும் உனக்குத் தோன்றினால் வைக்க வேண்டாம், நான் ஒரு வார்த்தை கேட்க மாட்டேன். ஆனால் அன்றைக்குச் செய்த காரியத்துக்காக ஒருவரை மேடைக்கு வராதே என்று சொல்வதாக இருந்தால், என்னைச் சொல். நான் மண்டபத்தில் கடைசி வரிசையில் காதர் மாமா பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன். கோபப்பட மாட்டேன், கோபப்பட எனக்கு என்ன இருக்கிறது?

இதோடு பதிவுத் தபாலில் ஒரு சின்னப் பொட்டலம் வரும். அம்மாவின் மூக்குக்கண்ணாடி. கால்களில் செலோடேப் பசை இன்னும் பிசுபிசுக்கிறது. அவள் தேங்காய் எண்ணெய் போட்டு எத்தனையோ தடவை தேய்த்தாள், முழுக்கப் போகவில்லை. அந்தப் பிசுக்கோடுதான் நாலு வருஷம் போட்டிருந்தாள். உனக்கு நல்ல கண், கண்ணாடி தேவையில்லாத கண். அதனால் இதைப் போட்டால், கண்ணாடி இல்லாமல் அவளுக்கு எப்படித் தெரிந்ததோ கிட்டத்தட்ட அப்படித்தான் உனக்கும் தெரியும். ஒருநாள் அதைப் போட்டுக்கொண்டு உன் வீட்டு மாடியில் நின்று, தெருவில் போகிறவர்களைப் பார். அதில் வெள்ளைச் சட்டைக்காரன் ஒருவனை மட்டும் கண்டுபிடிக்கப் பார். கண்டுபிடிக்க முடியாது. அம்மா அன்றைக்கு என் சட்டைக் கை கிழிகிற மாதிரி இழுத்துக்கொண்டு, கடைசி ஆள் ஏறிக் கதவைச் சாத்துகிறவரை, அதைத்தான் செய்துகொண்டிருந்தாள்.

அப்பா